ஹட்டனில் ஒரு மேல்மாடி அறை: மனைவியிடம் அடி வாங்குகிறவன் போய்த் தங்க ஓர் இடம்

ஹட்டன் டவுனில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருக்கிற வாடகை அறைகளைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று கேட்டவர் முதலாளிதான். "பேரு போட்டா ஆள் கூடும் மகன், எனக்கு லாபம்தான். ஆனா தேடி வாறவங்களுக்கும் இடம் விளங்கிருமே" என்றார். பெண்களுக்கான பாதுகாப்பு இல்லங்களின் விலாசத்தை வெளியில் சொல்வதில்லை. இங்கேயும் அதே காரணம்தான்.

சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களுக்கும் ரயிலில் வந்து படம் எடுக்கிறவர்களுக்கும் இந்த விமர்சனம் உதவாது. ஜன்னலைத் திறந்தால் மலையும் தெரியாது, தேயிலையும் தெரியாது. அடுத்த கட்டடத்துச் சுவர்தான் தெரியும். மனைவியின் அடிக்குப் பயந்து ராத்திரி நேரத்தில் வீட்டை விட்டு இறங்குகிற ஒரு ஆணுக்கு இந்த இடம் எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன். நானும் அப்படி வந்தவன்தான். தேயிலை பெக்டரி ஒன்றில் எலெக்ட்ரீசியன் வேலை, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளைகள்.

கீழ்க்கடை இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிடும். பக்கத்தில் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு, அதன் வாசலில் ஒரு பெல். நடுச்சாமத்தில் அமத்தினாலும் முதலாளியே இறங்கி வருவார். முஸ்லிம் மனிதர்; எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபது கடந்தவர், தலையில் கம்பளித் தொப்பி, கையில் டோர்ச். அடையாள அட்டையை வாங்கி, பெயர், இலக்கம், வந்த நேரம் மூன்றையும் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். வேறு கேள்வி கிடையாது. எங்கேயிருந்து, ஏன், பை இல்லாமல் வந்திருக்கிறீர்களே என்று ஒன்றும் கேட்க மாட்டார். இந்த இடத்துக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இதற்குத்தான். அன்றைக்கு இதற்கு முன் இன்னொரு லொட்ஜின் கவுண்டரில் நின்றேன். அங்கிருந்த பையன் என் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்னா அண்ணே, வீட்டுல சண்டையா?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எந்த ஆணும் உள்ளே போய்ப் படுக்க மாட்டான். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து விடிய வைப்பான், இல்லையென்றால் திரும்பி அதே வீட்டுக்குப் போவான்.

என் இடது முன்கை வெந்திருந்தது. நானா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மேலே கூட்டிப்போய்க் குழாயைத் திறந்து, "கைய இதுல புடிச்சிட்டே இருங்க, நான் சொல்லுறவரைக்கும் எடுக்க வேணாம்" என்றார். ஹட்டன் குழாய்த் தண்ணீர் ராத்திரியில் எப்படிக் குளிரும் என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். இருபது நிமிஷம் இருக்கும், பக்கத்திலேயே நின்றார். நம் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், வெந்த இடத்துக்குப் பற்பசை பூசுவார்கள், மை ஊற்றுவார்கள். அது புண்ணைக் கெடுக்கும். குளிர்ந்த தண்ணீர்தான் சரி என்று பிறகு டொக்டரும் சொன்னார். கை அடங்கியதும் "பிளேன்டீ போடவா?" என்று கேட்டார். பால் இருந்தால் போதும் என்றேன். பாலும் ஒரு பணிஸும் வந்தது. அதற்குக் காசு எடுக்கவில்லை.

அறை பத்தடிக்கு எட்டடி இருக்கும். இரும்புக் கட்டில், ஸ்பொஞ்ச் மெத்தை, இரண்டு கம்பளி. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊரில் இரண்டு கம்பளி ஆடம்பரமில்லை. நுவரெலியா பக்கத்திலேயே சில மலிவு அறைகளில் ஒன்றுதான் தருவார்கள். கம்பளியில் ஈர வாடை இல்லை. பெட்ஷீட் வெளுத்துப் போயிருந்தாலும் தோய்த்தது. குளியலறை மூன்று அறைக்கு ஒன்று. கீசர் இருக்கிறது. தொழில் புத்தியில் முதலில் அதைத்தான் பார்த்தேன்: தனி சுவிட்ச், ஒழுங்கான ஏர்த், மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானே விழுகிற 30 மில்லியாம்பியர் ட்ரிப் சுவிட்ச். டெஸ்ட் பட்டனை அமத்தினேன், விழுந்தது. ஹட்டனில் இந்த விலைக்கு வாடகை அறை தருகிற எத்தனையோ கட்டடங்களில் இது கிடையாது, அங்கே ஈரக் கையோடு சுவிட்சைத் தொட நானே யோசிப்பேன்.

ஆனால் நான் அதிக நேரம் பார்த்தது கதவின் தாழ்ப்பாளைத்தான். உள்பக்கம், தோள் உயரத்தில், ஒரு விரல் தடிப்பில் இரும்புக் கம்பி. அது மர நிலையில் போய்ப் பூட்டுகிற தாழ்ப்பாள் இல்லை. நிலையைத் தாண்டிச் சுவருக்குள் துளை போட்டு, அதில் குழாய்த் துண்டு ஒன்றை வைத்துச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். கம்பி அந்தக் குழாய்க்குள் கையளவு போகிறது. வெளியிலிருந்து தோளால் இடித்தால் கதவு அசையும், தாழ்ப்பாள் அசையாது. பிடி தேய்ந்து பளபளவென்று இருந்தது. என் வீட்டுக் குளியலறையில் மரத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. அதை மூன்றாவது முறை ஆணி அடித்துப் பூட்டியபோது மகள் பக்கத்தில் நின்று, "அப்பா, இந்த முறை பெரிய ஆணியா அடிங்க" என்றாள். இந்த அறையில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து பஸ் ஹோர்ன் சத்தம் கேட்கும்வரை எழும்பவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை எழுத முடியாது. என் மனைவி கை நீட்டத் தொடங்கியது கலியாணமான புதிதில் இல்லை, நுண்கடன் எடுத்த பிறகு. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பார்கள். தவணை பிந்தினால் லயத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசுவார்கள். மலையகத்தில் எத்தனையோ பெண்கள் அந்தக் கடனால் நொந்துபோயிருக்கிறார்கள். அவள் வளர்ந்த வீட்டில் அவளுடைய அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பல வருஷம் பொறுத்தேன். முதலில் கன்னத்தில் அறை. பிறகு போனை எடுத்து எறிதல். பிறகு தேங்காய் திருவலை. சம்பளக் கார்டு அவள் கையில். பஸ் காசுக்கும் நான் கேட்டு நிற்க வேண்டும், கேட்டால் பிள்ளைகள் முன்னால் பேச்சு. மழையில் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், வைத்து உள்ளே பூட்டிக்கொள்வாள். திருப்பி ஒரு வார்த்தை சொன்னால், "பொலிசுக்குப் போயி நீதான் அடிச்சன்னு சொல்லுவேன், யார நம்புவாங்கன்னு பாப்போம்" என்பாள். அந்த ஒரு பேச்சு என்னைக் கட்டிப்போட்டது. அடியைவிட அதுதான் பயம். கடைசியாகச் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த சாயத்தண்ணி, பால் போடாத தேத்தண்ணி.

கை ஏன் இப்படி என்று பெக்டரியில் கேட்டவர்களுக்கு, கரண்ட் அடித்தது என்று சொன்னேன். எலெக்ட்ரீசியன் சொன்னால் நம்புவார்கள். மேசனுக்குச் சாரம் இருக்கிறது, ஓட்டோ ஓட்டுகிறவருக்கு எக்சிடன்ட் இருக்கிறது, தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவருக்குக் கத்தி இருக்கிறது. அடி வாங்குகிற ஆண்கள் காயத்துக்குத் தொழிலிலிருந்தே ஒரு காரணத்தை எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் எங்களை யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இலங்கையில் 2019-இல் எடுத்த பெண்கள் நல்வாழ்வு கணக்கெடுப்பில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதம் பேர், ஐந்தில் ஒருவர், அந்தத் துணையிடம் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். எங்கள் லயத்திலேயே ராத்திரியில் கேட்கிற அழுகை பெரும்பாலும் பெண்களின் அழுகைதான். அவர்களுக்கான பாதுகாப்பு இல்லங்களையும் பணியகங்களையும் குறைத்து எங்களுக்குத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது அநியாயம். என் வீட்டில் அடி விழுந்ததும் நடந்ததுதான் என்று மட்டும் சொல்கிறேன்.

ஏன் ஒரு வாடகை அறை இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். பெண் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனால் அதற்கு ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. நாலு நாள் கழித்துப் பெரியவர்கள் போய்க் கூட்டிவருவார்கள். ஆணுக்கு அப்படி ஒரு வீடு கிடையாது. என் அம்மா இருப்பது அதே லயத்தில், நாலு வீடு தள்ளி. அங்கே போய்ப் படுத்தால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குள்ளேயே கதை போய்விடும். தோட்டத் தலைவரிடம் சொன்னேன். குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவனைக் கோயில் முன்னால் நிற்க வைத்துக் கேட்கிற நல்ல மனிதர்தான் அவர். என் கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, இத வெளிய சொல்லாதீங்க, ஒங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். ஆக, போவதற்கு இடம் என்று பார்த்தால் டவுனில் காசு கொடுத்து எடுக்கிற அறை மட்டும்தான்.

அந்தக் காசு கொஞ்சம் பெரிது. ஒரு இரவுக்கு 2,000 ரூபாய், கிழமைக் கணக்கென்றால் குறைப்பார். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒருவருக்கு ஒரு நாள் உழைப்புக்கு மேலேயே ஒரு இரவுக்குப் போய்விடும். நானா கடன் சொன்னால் கேட்கிறார். சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கங்களில் கடன் கணக்கு இருக்கிறது. கார்டு கையில் இல்லாதவனுக்கு அந்தப் பக்கங்கள் எவ்வளவு பெரிய உதவி என்பதை அனுபவித்தவன் சொல்கிறேன்.

குடிக்க விட மாட்டார். பை கனமாக இருந்தால் படியிலேயே நிறுத்திக் கேட்பார். முதலில் இது மார்க்கம் சம்பந்தப்பட்டது என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. "நோவோட வாறவன் குடிச்சா, குடிச்ச வீரத்துல திரும்பி வூட்டுக்குப் போவான் மகன். போனா என்னா நடக்கும்?" என்றார். சரியான பேச்சு. குடித்துவிட்டுப் போய்க் கையை நீட்டினால், அதுவரை பட்டதெல்லாம் போய்விடும், அவனே குற்றவாளி. டவுனில் மலிவான அறைகள் வேறேயும் உண்டு. ஆனால் அங்கே அறை எடுப்பதே குடிக்கத்தான். அடி வாங்கிய மனதோடு அப்படியான இடத்துக்குப் போகாதீர்கள்.

பக்கத்து அறையில் ஒருவர் இருந்தார். கச்சேரியில், அரச அலுவலகத்தில், வேலை, எப்போதும் கழுத்துவரை பட்டன் போட்ட சேர்ட். என் அறையில் பிளக் பொயின்ட் ஒன்று தளர்ந்திருந்ததைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வந்து கதைக்கத் தொடங்கினார். நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துப் பட்டனைக் கழற்றி நகக் கீறலைக் காட்டினார், திரும்பப் போட்டுக்கொண்டார். "பொம்பள அடிச்சா வலிக்குமான்னு கேக்குறாங்க" என்றார். நான் என் கையைக் காட்டினேன். அதற்குப் பிறகு ராத்திரி வெகுநேரம் கதைத்தோம், பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றி. இப்படி இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து கதைப்பதற்குக் கீழே, கடைக்குப் பின்னால், ஒரு வாங்கு போட்டிருக்கிறார் நானா. வேறு எந்த லொட்ஜிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். முதலாவதும் பெரியதும்: பிள்ளைகளைக் கொண்டுவர இடமில்லை. ஒரு கட்டில், ஒரு ஆள், அதுதான் நியமம். தாய் பிள்ளைகளோடு போகக்கூடிய இடங்கள் கொஞ்சமாவது இருக்கின்றன. தகப்பன் பிள்ளைகளோடு போக ஒரு இடம் மலைநாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. நான் இறங்கி வந்த ராத்திரி பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் அவள் ஒருபோதும் கை வைத்ததில்லை என்ற ஒரே நம்பிக்கையில்தான் வந்தேன். பிள்ளைகள் மேலும் கை விழுகிற வீடென்றால் இந்த அறை உங்களுக்குச் சரிவராது. நேரே 1929-க்கு, சிறுவர் உதவி இலக்கத்துக்கு, அழையுங்கள்.

அடுத்தது நானாவின் புத்திமதி. கேள்வி கேட்காத மனிதர், ஆனால் கிளம்புகிற அன்று எல்லாரிடமும், "பொறுமையா இருங்க, எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்புகிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். அந்த வார்த்தையில் நம்பிக்கை வைத்துத் திரும்பிப் போனவர்களில் நானும் ஒருவன், கச்சேரிக்காரரும் ஒருவர். இரண்டு பேரும் மறுபடி இதே படியில்தான் ஏறினோம். அறை தருகிறவர் அறை தருவதோடு நிற்கலாம். இல்லையென்றால் படிக்கட்டுச் சுவரில் ஒரு பேப்பரில் நாலு இலக்கத்தை எழுதி ஒட்டலாம். இதை அவரிடமே சொன்னேன். "நீங்களே எழுதித் தாங்க" என்றார். எழுதிக்கொடுத்தேன், ஒட்டியிருக்கிறார். பொலிஸ் அவசரத்துக்கு 119. மனதைக் கொட்ட வேண்டுமென்றால், உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926. சிறுவர்களுக்கு 1929. பெண்களுக்கு 1938. கடைசி இலக்கம் ஏன் என்று கேட்டார். கீழ்க்கடையில் வேலை செய்கிற பெண்பிள்ளைகளும் அந்தப் படியில்தானே ஏறி இறங்குகிறார்கள் என்றேன்.

அந்தப் பேப்பரில் எழுத இடம் போதாத விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

காயம் ஆறுவதற்கு முன் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஓபிடியில் டொக்டரிடமும் கரண்ட் அடித்தது என்றுதான் நான் தொடங்கினேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். கரண்ட் என்றால் உள்ளே போன இடம் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியாக இருக்கும், வெளியே போன இடம் இன்னொன்று இருக்கும். எனக்கே அது தெரியும். என் கையில் இருந்தது முழங்கையிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் வழிந்து இறங்கிய தோல். "இது சுடுதண்ணி. யார் ஊத்தினது?" என்றார். வாயைத் திறந்து முதன்முதலாக அங்கேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதினார். பிறகு பொலிஸ் வழியாகச் சட்ட வைத்திய அதிகாரியிடமும் காட்டினேன். அந்த எழுத்துதான் பிறகு எல்லாவற்றுக்கும் அத்திவாரம். டொக்டர் கேட்கும்போது பொய் சொல்லாதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்கிற காரணம் அப்படியே டிக்கட்டில், உங்கள் வைத்தியக் குறிப்பில், ஏறும். நாளைக்கு நீதிமன்றத்தில் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

பொலிசில் முன்கவுண்டரில் நடந்ததை நீட்டவில்லை. மனைவி அடித்ததற்கா என்ட்ரி என்று கேட்டார்கள், வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் நகரவில்லை. கடைசியில் சிறுவர், பெண்கள் பணியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் உத்தியோகத்தர்தான் கதிரை போட்டு உட்கார வைத்து, டொக்டரின் காகிதத்தைப் பார்த்து, முதலிலிருந்து கடைசிவரை எழுதிக்கொண்டார். "பிள்ளைகள் எங்கே இப்போ?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். பெண் என்றால் பெண் பக்கம்தான் பேசுவார் என்று நினைத்துப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சிறு காயம் என்றால் மத்தியஸ்த சபைக்கு அனுப்பிவிடுகிற வழக்கமும் உண்டு. அங்கே போனாலும் வைத்தியக் காகிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள், சமாதானம் என்ற பெயரில் எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்.

சட்டம் எங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்களுக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. பாதிக்கப்பட்ட ஆள் என்றுதான் அதில் இருக்கிறது; கணவனும் வரலாம், வயதான அம்மாவும் வரலாம். அடி மட்டுமில்லை, மிரட்டலும், ஆளைத் தொடர்ந்து கேவலப்படுத்துகிற கடுமையான மனக்கொடுமையும் அதற்குள் அடங்கும். நீதவான் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும், ஹட்டனிலேயே நீதிமன்றம் இருக்கிறது. நீங்களும் போடலாம், உங்கள் சார்பில் பொலிசும் போடலாம். அவசரம் என்று நீதவான் கண்டால் உடனே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தருவார், 14 நாளுக்குள் விசாரணைக்குத் திகதி போட வேண்டும். விசாரித்துத் தருகிற பாதுகாப்புக் கட்டளை 12 மாதம்வரை நிற்கும். அதை மீறினால் 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது ஒரு வருஷம்வரை சிறை, அல்லது இரண்டும். உளவள ஆலோசனைக்குப் போகும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். எனக்கு முக்கியமாக இருந்தது அதுதான். அவளை உள்ளே தள்ள எனக்கு ஆசை இல்லை. கை நீட்டுவது நிற்க வேண்டும், அவ்வளவுதான். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து இலவசமாக ஆஜராவார்கள்.

வீட்டை விட்டு இறங்கினால் கைவிட்டுப் போனவன் என்று விவாகரத்து வழக்கில் என் தலையில் போடுவார்களே என்ற பயம் எனக்கு இருந்தது. எங்கள் தோட்டத்தில் இந்தப் பயத்தைக் காட்டித்தான் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அடியும் கொடுமையும் தாங்காமல் வெளியேறினால், வெளியேற வைத்தவர்தான் கைவிட்டவர் என்று நம் சட்டம் பார்க்கும் என்று சட்டத்தரணி விளக்கினார். ஆனால் ஏன் வெளியேறினேன், எப்போது வெளியேறினேன் என்பதைக் காட்ட வேண்டும். அங்கேதான் நானாவின் சீ.ஆர். கொப்பி வந்தது. ஒவ்வொரு ராத்திரியும் நான் வந்த திகதி, நேரம், அடையாள அட்டை இலக்கம், அவருடைய கையெழுத்தில். அந்தத் திகதிகளையும் வைத்தியசாலைக் காகிதத்தின் திகதிகளையும் பக்கத்தில் வைத்துச் சட்டத்தரணி படித்துப் பார்த்தார். அந்தப் பக்கங்களின் பிரதியை வாங்கி வரச் சொன்னார். நானா கடையைப் பையனிடம் விட்டுவிட்டு என்னோடு போட்டோ கொப்பிக் கடைக்கு வந்தார். கொப்பியைக் கையை விட்டு இறக்கவில்லை. மற்றவர்களின் பெயர் வருகிற வரிகளை வெள்ளைத் தாளால் மறைத்துப் பிடித்துக்கொண்டு எடுக்க வைத்தார். ஒரு வாடகை அறையிடம் இதற்கு மேல் நான் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

மற்றக் குறைகள் சின்னவை. விடியற்காலையில் பஸ் ஹோர்ன் சத்தம், முன்பக்க அறை என்றால் நாலு மணிக்குப் பிறகு தூக்கம் கிடையாது. உடுப்புக் காயப்போட இடமில்லை, மழைக்காலத்தில் ஈர உடுப்போடு வேலைக்குப் போக வேண்டி வரும். கீழே சாப்பாடு பரவாயில்லை. பாணும் பருப்பும் நன்றாக இருக்கும், ராத்திரிக் கொத்து எண்ணெய். மரக்கறி ரொட்டி சாப்பிடுங்கள்.

எனக்கு வழக்கு இன்னும் முடியவில்லை. இடைக்காலக் கட்டளை இருக்கிறது, ஆலோசனைக்கு அவள் போகிறாள், நானும் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களை நானாவின் கடைக்குத்தான் கூட்டிப்போகிறேன், பின்னால் இருக்கிற வாங்கில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பராமரிப்புக் காசை மாதாமாதம் வங்கியில் போட்டு ரசீதை வைத்திருக்கிறேன். இதையும் செய்யுங்கள். அடி வாங்கியவன் என்பதால் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது இல்லாமல் போகாது.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். பிள்ளைகளோடு தங்க ஒரு அறை ஒதுக்கினால் ஐந்தும் கொடுப்பேன், இதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார்.

போகிறவர்கள் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் பிரதி, கிளினிக் கொப்பி, போன் சார்ஜர் இவற்றை ஒரு பையில் போட்டு வேலை இடத்திலோ நம்பிக்கையான ஒருவரிடமோ இப்போதே வைத்துவிடுங்கள்; இறங்குகிற ராத்திரி அதெல்லாம் தேடி எடுக்க முடியாது. காயத்தைப் படம் எடுத்து, வீட்டில் யார் கைக்கும் போகாத இடத்துக்கு அனுப்பி வையுங்கள். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம், ஹட்டனில் எந்த அறையும் காலி இருக்காது, விலையும் ஏறும். அந்த மாதங்களிலும் நானா பெல் அடித்தவரைத் திருப்பி அனுப்பியதை நான் பார்க்கவில்லை. சாமான் அறையில் அரிசி மூட்டைகளைத் தள்ளிவைத்துப் பாய் போட்டுத் தருவார், அதற்கு 500 ரூபாய். அந்த அறைக்கும் உள்பக்கம் அதே மாதிரித் தாழ்ப்பாள் இருக்கிறது. இடம் தேவைப்படுகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், வழி சொல்கிறேன். கேட்டால் பின்பக்க அறையைக் கேளுங்கள்.